ரோஸ் மாத்திரையைக் காணோம்: நிறம் நம் ஞாபகத்தில் என்ன செய்கிறது?

அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரைக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று என்று தினமும் மூன்று மாத்திரைகள். மருந்துகளின் பெயர் எதுவும் அவர் வாயில் நுழையாது. "சாப்பாட்டுக்கு முன்னால் வெள்ளை, சாப்பிட்ட பிறகு ரோஸ், ராத்திரி படுக்கும்போது மஞ்சள்." அவருடைய மருந்துச் சீட்டு இவ்வளவுதான். ஆறு வருடங்களாக ஒரு வேளை தவறியதில்லை.

சென்ற ஆடி மாதம் அவருக்குத் தலைசுற்றல் வந்தது. பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். ஒரு முழு அட்டை பிரிக்கப்படாமல் கிடந்தது. நடந்தது இதுதான்: வழக்கமான கம்பெனியின் மாத்திரை கையிருப்பில் இல்லை என்று மருந்துக்கடையில் அதே மருந்தை வேறு கம்பெனி தயாரிப்பில் கொடுத்திருக்கிறார்கள். மருந்தும் அதேதான், அளவும் அதேதான். ஆனால் இது வெள்ளை. அம்மா அதைப் பார்த்து, சர்க்கரை மாத்திரையை இரண்டு அட்டையாகக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓரமாக எடுத்து வைத்துவிட்டார். "ரோஸ் மாத்திரை வரவில்லையே, அடுத்த மாதம் வரும்போல இருக்கிறது என்று விட்டுவிட்டேன்" என்றார். ஒன்பது நாட்கள்.

எனக்கு அன்று வந்த கோபம் அம்மா மீது இல்லை. அவர் எதையும் மறக்கவில்லை. ஆறு வருடங்களாக எதை நினைவில் வைத்திருந்தாரோ அதை அட்சரம் பிசகாமல் வைத்திருந்தார். அவர் நினைவு தொங்கிக்கொண்டிருந்த ஆணியை யாரோ பிடுங்கிவிட்டார்கள், அவ்வளவுதான். நிறத்துக்கும் நினைவுக்கும் என்ன உறவு என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. அமெரிக்காவில் ஆரோன் கெசல்ஹைம் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு, மாரடைப்புக்குப் பின் இதய மருந்துகள் எடுத்துவந்த நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டது. மாத்திரையின் நிறம் மாறிய பிறகு நோயாளி மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதம் கூடியிருந்தது. வடிவம் மாறினால் 66 சதவீதம். மருந்து அதேதான், மாறியது தோற்றம் மட்டும். வலிப்பு நோய்க்கான மருந்துகளிலும் நிறம் மாறினால் இடைவெளி விழுகிறது என்று அதே குழு அதற்கு முந்தைய ஆண்டே காட்டியிருந்தது. உயிர் காக்கும் மருந்தின் தொடர்ச்சியே ஒரு நிறத்தை நம்பி நிற்கிறது என்றால், அந்த நிறம் மூளைக்குள் என்னதான் செய்கிறது?

பரணில் ஏற்றிய மூட்டை

நினைவு என்றதும் நாம் 'மனதில் பதிவது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பதிவது முதல் கட்டம் மட்டுமே. பதிந்தது தங்க வேண்டும். பிறகு வேண்டிய நேரத்தில் வெளியே வர வேண்டும். பதிதல், தங்குதல், மீட்டல் என்ற இந்த மூன்றில் நம்மைப் பெரும்பாலும் தவிக்க விடுவது மூன்றாவது.

பரணில் ஏற்றி வைத்த மூட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பித்தளைக் குத்துவிளக்கு அங்கேதான் இருக்கிறது, யாரும் எடுத்துப் போகவில்லை. ஆனால் எந்த மூட்டையில்? எல்லாம் ஒரே மாதிரிக் கோணிப்பை என்றால் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பழைய சிவப்புத் துண்டில் கட்டியிருந்தால் கீழே நின்றபடியே கை காட்டிவிடலாம். விளக்கைப் பாதுகாப்பதில் அந்தச் சிவப்புத் துண்டுக்குத் தனிப் பங்கில்லை. அது செய்யும் வேலை தேடுகிறவருக்கு வழி காட்டுவது.

இந்த வேறுபாட்டைச் சோதனையால் காட்டியவர்கள் கனடாவின் டொரொன்டோவில் இருந்த எண்டெல் டுல்விங், ஜீனா பியர்ல்ஸ்டோன் இருவரும். ஆண்டு 1966. மாணவர்களுக்கு வகைவாரியாகச் சொற்பட்டியல்கள் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பிறகு சிலரிடம் வெறும் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். வேறு சிலருக்கு வகைகளின் பெயரை மட்டும் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். வகைப்பெயர் கிடைத்தவர்கள் மிகுதியான சொற்களை எழுதினார்கள். வெறும் தாளோடு திண்டாடியவர்களுக்குப் பிறகு வகைப்பெயர்களைக் கொடுத்தபோது, இல்லை என்று நினைத்த சொற்கள் திரும்பி வந்தன. அவை மனதில்தான் இருந்தன. எட்டவில்லை. எட்ட வைக்கும் இப்படிப்பட்ட பிடியை உளவியலார் மீட்புக் குறிப்பு என்ற பொருளில் பேசுகிறார்கள். நான் இங்கே அதைத் 'துப்பு' என்றே சொல்கிறேன். ஒரு வாசனை துப்பாகலாம், ஒரு பாட்டு, ஓர் இடம், ஒரு வடிவம் துப்பாகலாம். நிறம் அவற்றில் மிக மலிவானது, மிக வேகமானது.

சட்டைப் பையைத் தொடாமல் ஒன்று செய்து பாருங்கள். 200 ரூபாய் நோட்டு என்ன நிறம்? யோசிக்காமலே 'மஞ்சள்' என்றோ 'ஆரஞ்சு' என்றோ வந்திருக்கும். 100 ரூபாய்ப் புதிய நோட்டு? ஊதா. சரி, 200 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் என்ன படம்? 2017 முதல் அதைக் கையில் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பின்பக்கத்தில் இருப்பது சாஞ்சி ஸ்தூபி. 100இல் இருப்பது குஜராத்தின் ராணி கீ வாவ் படிக்கிணறு, 50இல் ஹம்பியின் கல் தேர். நான் கேட்ட பதினைந்து இருபது பேரில் ஹம்பியைச் சொன்னவர் ஒருவர்தான். அவர் அங்கே போய் வந்தவர். நிறத்தைத் தவறவிட்டவர் ஒருவருமில்லை.

1979இல் அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சென்ட் நாணயத்தை வைத்து இதேபோல் கேட்டார்கள். பிறந்தது முதல் பார்த்துவரும் நாணயத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். அதிலுள்ள எட்டு முக்கிய அம்சங்களில் மூன்று சரியான இடத்தில் வந்தாலே பெரிது என்ற நிலை. நினைவு சோம்பேறி அல்ல, சிக்கனமானது. நோட்டை இன்ன நோட்டு என்று அறிய நிறம் போதும் என்றால் ஸ்தூபிக்கு அது இடம் ஒதுக்குவதில்லை.

பால் பூத்தில் காலை ஐந்தரை மணிக்கு நின்று கேட்டால் இது இன்னும் தெளிவாகும். ஆவின் பாக்கெட்டில் 'சமன்படுத்தப்பட்ட பால்', 'நிலைப்படுத்தப்பட்ட பால்', 'நிறை கொழுப்புப் பால்' என்றெல்லாம் அச்சிட்டிருக்கும். அப்படிக் கேட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை. "நீலம் ஒன்று, பச்சை ரெண்டு" என்றுதான் பல்லாண்டுகளாகக் கேட்டுப் பழக்கம். காபி கெட்டியாக வேண்டும் என்றால் ஆரஞ்சு. அங்கே நிறமே பெயராகிவிட்டது.

கண்ணிலிருந்து கடற்குதிரை வரை

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணின் விழித்திரையில் கூம்பு வடிவச் செல்கள் மூன்று வகையாக இருக்கின்றன. ஒவ்வொரு வகையும் ஒளியின் வெவ்வேறு அலைநீளங்களுக்கு அதிகமாகத் துடிக்கிறது. மூன்றும் எந்த விகிதத்தில் துடிக்கின்றன என்பதை ஒப்பிட்டுத்தான் மூளை 'இது மஞ்சள்' என்று முடிவெடுக்கிறது. தலையின் பின்பகுதியில் இருக்கும் பார்வைப் புறணியில் நிறம், வடிவம், அசைவு முதலியவை பெரும்பாலும் தனித்தனி வழிகளில் அலசப்படுகின்றன. பிறகு இவையெல்லாம் ஒரே அனுபவமாகக் கோக்கப்பட வேண்டும். அதில் பெரும்பங்கு, மூளையின் உட்பகுதியில் வளைந்து கிடக்கும் ஹிப்போகாம்பஸுக்கு உண்டு. பார்க்கக் கடற்குதிரை போல இருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயர். 'ரோஸ்', 'வட்டம்', 'சாப்பாட்டுக்குப் பின்', 'சமையலறை ஜன்னலோரம்' என்ற நான்கையும் சேர்த்து முடிச்சுப் போடுவது அதன் வேலை. முடிச்சு விழுந்த பிறகு ஒரு நுனியை இழுத்தால் மற்றவையும் வரும். அதனால்தான் நிறம் துப்பாகிறது.

ஒன்று மட்டும் வேறாக இருந்தால்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1933ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெர்லினில் உளவியலாளர் வொல்ஃப்காங் கோலரிடம் பணியாற்றிய ஹெட்விக் ஃபொன் ரெஸ்டோர்ஃப் என்ற இளம்பெண் செய்தது. பிற்பாடு அவர் மருத்துவராகப் போய்விட்டார். அவருடைய பட்டியல்களில் ஒரே வகையான உருப்படிகள் வரிசையாக இருக்கும்; நடுவே ஒன்று மட்டும் வேறு வகை. பொருளற்ற அசைகளுக்கு நடுவே ஒரே ஓர் எண் என்பதுபோல. அந்தத் தனி உருப்படி மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நின்றது. இன்றும் அதை அவர் பெயராலேயே ஃபொன் ரெஸ்டோர்ஃப் விளைவு என்கிறார்கள். கறுப்பு மையில் எழுதிய சொற்களில் ஒன்றை மட்டும் சிவப்பில் எழுதினால் அதுவும் இப்படியே நிற்கும்.

அதில் நுட்பமான ஒன்று உண்டு. திடீரென்று வேறாக ஒன்று வந்ததும் திடுக்கிட்டுக் கவனிக்கிறோம், அதனால் நிற்கிறது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஃபொன் ரெஸ்டோர்ஃப் அந்தத் தனி உருப்படியைப் பட்டியலின் தொடக்கத்திலேயே வைத்தும் பார்த்தார். அதைப் பார்க்கும் நேரத்தில் மற்றவை எப்படி இருக்கப் போகின்றன என்பதே தெரியாது, திடுக்கிட வழியில்லை. அப்போதும் அது நின்றது. ஒரே மாதிரியானவை ஒன்றோடொன்று குழம்பிக் கலங்கிப்போகின்றன. தனித்திருப்பது குழம்பாமல் தப்பிக்கிறது. பரணில் ஒரே ஒரு சிவப்பு மூட்டை இருந்ததால்தானே கண்ணில் பட்டது? பத்தும் சிவப்பாக இருந்தால்?

இந்தக் கேள்விக்கு விடை என் அக்கா மகளின் உயிரியல் பாடப்புத்தகத்தில் இருந்தது. பத்தாம் வகுப்பு. நல்ல உழைப்பாளி. 'தாவரங்களில் கடத்துதல்' பாடத்தைத் திறந்தேன். முதல் பத்தி முழுக்க மஞ்சள் ஹைலைட்டர், இரண்டாவது முழுக்க இளஞ்சிவப்பு, மூன்றாவதில் பச்சையும் ஆரஞ்சும். வண்ணம் படாத வரி ஒரு பக்கத்துக்கு மூன்று நான்குதான் இருக்கும். "முக்கியமானதற்கு எந்த நிறம்?" என்று கேட்டேன். "எல்லாமே முக்கியம்தான் சித்தி" என்றாள். அந்தப் பக்கத்தில் கண் போய் நின்றது எங்கே தெரியுமா? வண்ணம் படாத அந்த நான்கு வரிகளில்.

அவளை வைத்தே ஒரு சோதனை செய்தேன். நீங்களும் வீட்டில் செய்யலாம். பன்னிரண்டு சொற்களைத் தனித்தனிச் சீட்டில் நீல மையில் எழுதினேன்: குடை, சாவி, வாளி, ஏணி என்று எல்லாம் சாதாரணமானவை. ஐந்தாவதான 'சல்லடை'யை மட்டும் சிவப்பில் எழுதினேன். ஒவ்வொன்றையும் இரண்டு விநாடி காட்டிவிட்டு, இடையில் கொஞ்ச நேரம் பதினேழிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லி, பிறகு எழுதச் சொன்னேன். ஏழு சொற்கள் எழுதினாள். சல்லடை இரண்டாவதாக வந்தது. மறுநாள் வேறு பன்னிரண்டு சொற்கள், பன்னிரண்டும் வெவ்வேறு ஸ்கெட்ச் பேனாவில். அன்றும் ஏழுதான் எழுதினாள், ஆனால் எந்தச் சொல்லும் முந்திக்கொண்டு வரவில்லை. ஒரு பெண்ணிடம் இரண்டு நாள் செய்தது ஆராய்ச்சியாகாது, தெரியும். ஆனால் ஹைலைட்டரைப் பற்றி நான் சொன்ன பத்து வாக்கியங்கள் செய்யாததை அந்தச் சீட்டுகள் செய்தன.

ஹைலைட்டர் பற்றி ஆராய்ச்சியும் இருக்கிறது. ஜான் டன்லாஸ்கியும் அவரது சக ஆய்வாளர்களும் மாணவர்கள் பயன்படுத்தும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டு 2013இல் விரிவான அறிக்கை வெளியிட்டார்கள். கோடிடுவதும் வண்ணம் தீட்டுவதும் அதில் 'பயன் குறைவு' என்ற அடுக்கில் விழுந்தன. புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்வதும், ஒரே நாளில் குவிக்காமல் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலடுக்கில் நின்றன. வண்ணம் தீட்டும்போது படித்துவிட்டதுபோல ஓர் உணர்வு வருகிறது. கை வேலை செய்கிறது, பக்கம் அழகாகிறது. மனம் எதையும் மீட்டுப் பார்ப்பதில்லை.

இயல்பான நிறம், பொய்யான நிறம்

நிறம் இருந்தாலே நினைவு கூடுமா? ஃபெலிக்ஸ் விக்மன், லிண்ட்சே ஷார்ப், கார்ல் கெகன்ஃபர்ட்னர் மூவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. காடு, பூக்கள், பாறைகள், கட்டடங்கள் என்று 48 புகைப்படங்களைக் காட்டினார்கள். சில வண்ணத்தில், சில கறுப்பு வெள்ளையில். பிறகு அவற்றைப் புதிய 48 படங்களோடு கலந்து, எதைப் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வண்ணப் படங்கள் 5 முதல் 10 சதவீதம் வரை நன்றாக அடையாளம் காணப்பட்டன. பெரிய மலையில்லை, ஆனால் உறுதியான வித்தியாசம்.

ஆய்வின் உயிர்நாடி அடுத்த கட்டத்தில் இருந்தது. படங்களின் நிறத்தை வேண்டுமென்றே மாற்றினார்கள், இயற்கையில் அப்படி இருக்கவே முடியாத நிறங்களுக்கு. கண்ணைப் பறிக்கும் படங்கள்தான். ஆனால் நினைவில் அவற்றுக்கு எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை; கறுப்பு வெள்ளைப் படங்களின் நிலைதான். பளிச்சென்று இருப்பது போதாது. நாம் ஏற்கெனவே அறிந்த உலகத்தோடு நிறம் பொருந்த வேண்டும். இன்னொன்றும் தெரிந்தது. வண்ணத்தில் பார்த்த படத்தைக் கறுப்பு வெள்ளையில் காட்டிக் கேட்டால் தடுமாற்றம். கறுப்பு வெள்ளையில் பார்த்ததை வண்ணத்தில் காட்டினாலும் தடுமாற்றம். பார்த்தபோது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கிடைத்தால்தான் துப்பு துப்பாக வேலை செய்கிறது. இந்த வரியைப் படித்தபோது அம்மாவின் டப்பாவில் கிடந்த அந்த வெள்ளை அட்டைதான் எனக்குக் கண்முன் வந்தது.

பொருளும் நிறமும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய சோதனை ஒன்று உண்டு. பச்சை ஸ்கெட்ச் பேனாவால் 'சிவப்பு' என்று எழுதுங்கள், நீலத்தால் 'மஞ்சள்' என்று எழுதுங்கள். இப்படிப் பத்துப் பதினைந்து. பிறகு சொற்களை வாசிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லிக்கொண்டே போங்கள். நாக்கு இடறும். 1935இல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்டது இது. வெந்நீர்க் குழாய்க்கு நீலமும் தண்ணீர்க் குழாய்க்குச் சிவப்பும் வைத்த குளியலறையில் ஒவ்வொரு நாளும் இதே இடறல்தான்.

நினைவில் நிறம் மாறிப்போகிறது

இதுவரை நிறம் நினைவுக்கு என்ன செய்கிறது என்று பார்த்தோம். நினைவு நிறத்தை என்ன செய்கிறது என்பது இன்னும் சுவையானது.

சேலைக்கு மேட்சிங் ரவிக்கைத் துணி வாங்கப் போயிருக்கிறீர்களா? சேலை வீட்டில், நீங்கள் கடையில். "இந்தப் பச்சைதான், நன்றாக நினைவிருக்கிறது" என்று அடித்துச் சொல்லி வாங்கி வந்து சேலைமேல் வைத்துப் பார்த்தால் ஒன்று மாம்பிஞ்சாக இருக்கும், மற்றது வாழையிலையாக இருக்கும். அனுபவமுள்ள கடைக்காரர் துணியைக் கிழிக்குமுன் "சேலையைக் கொண்டு வந்திருக்கிறீர்களா அம்மா?" என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஃப்ளோம்பாமும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதைத்தான்: நுணுக்கமான ஒரு நீலத்தைக் காட்டிவிட்டு உடனே அது எது என்று கேட்டாலும், 'நீலம்' என்றால் பொதுவாக எது மனதில் வருமோ அந்த நீலத்தின் பக்கமாகவே விடை சாய்கிறது. லட்சக்கணக்கான சாயல்களைக் கண் பிரித்தறியும். நினைவோ அவற்றை ஒரு சில பெயர்களுக்குள் போட்டு வைக்கிறது.

அப்படியானால் பெயர்கள் கூடினால் நினைவும் கூர்மையாகுமா? ரோஜர் பிரவுனும் எரிக் லென்னபர்க்கும் 1954இலேயே இதைக் கேட்டார்கள். எந்த நிறத்துக்குச் சட்டென்று, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு பெயர் கிடைக்கிறதோ அந்த நிறம் பிற்பாடு எளிதாக அடையாளம் காணப்பட்டது. காஞ்சிபுரத்துக் கடைகளில் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மயில்கழுத்து, கிளிப்பச்சை, வாடாமல்லி, அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்திரிப்பூ என்று அங்கே ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு பெயர். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய நீலத்துக்கு 'எம்.எஸ். புளூ' என்றே பெயர் நின்றுவிட்டது. வெறும் 'நீலம்' என்று வைத்துக்கொண்டவர் கடையில் தடுமாறுவார், 'எம்.எஸ். புளூ' என்று வைத்துக்கொண்டவருக்கு ஒரு முகமும் ஒரு குரலும் சேர்ந்து துணைக்கு வரும்.

பழகிய பொருள்களின் நிறத்தை நினைவு கூட்டியும் வைக்கிறது. புல்லையும் வானத்தையும் செங்கல்லையும் நினைவிலிருந்து நிறம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உண்மையில் இருப்பதைவிட அடர்த்தியான நிறத்தையே மக்கள் எடுக்கிறார்கள் என்று 1960இல் பார்ட்டில்சன் காட்டினார். மேலே சொன்ன கெகன்ஃபர்ட்னரின் குழு ஜெர்மனியின் கீசன் நகரில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. 2006இல் வெளியான ஆய்வு. திரையில் ஒரு வாழைப்பழத்தின் படம். நிறத்தைத் திருகித் திருகி அதை முழுச் சாம்பலாக்க வேண்டும். உண்மையான சாம்பலுக்கு வந்த பிறகும் சோதனையில் பங்கேற்றவர்களுக்கு அது லேசாக மஞ்சளாகவே தெரிந்தது. அந்த மஞ்சளைப் போக்க, சற்று நீலப்பக்கம் தள்ளிய பிறகுதான் 'இப்போது சாம்பல்' என்றார்கள். வாழைப்பழம் மஞ்சள் என்று தெரிந்திருப்பது, கண்முன்னால் இல்லாத மஞ்சளைக் கண்ணுக்குக் காட்டுகிறது. நம் மொழியில் அழியாத நினைவைப் 'பசுமையான நினைவு' என்கிறோம், பசுமரத்தாணி என்கிறோம். அங்கே பசுமை நிறத்தைவிட ஈரத்தையும் புதுமையையும் குறிக்கிறது. ஆனாலும் நினைவில் இருக்கும் புல் உண்மைப் புல்லைவிடப் பச்சை என்று ஆய்வுக்கூடமும் சொல்லும்போது எனக்கு அந்தச் சொல் இன்னும் பிடித்துப்போகிறது.

ஆனால் இதே குணம் நீதிமன்றத்தில் ஆபத்தாகும். உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1977இல் வெளியிட்ட சோதனையில், விபத்து ஒன்றைப் படக்காட்சிகளாகப் பார்த்தவர்கள் அதில் ஒரு பச்சைக் காரைக் கண்டார்கள். பிறகு கேள்விகள் கேட்கும்போது ஒரு கேள்வியில் மட்டும் சிலரிடம் 'அந்த நீலக் கார்' என்று சொல்லிவைத்தார்கள். கடைசியில் வண்ணச் சக்கரத்தில் காரின் நிறத்தைக் காட்டச் சொன்னபோது, அவர்கள் விரல் நீலத்தை நோக்கி நகர்ந்திருந்தது. பலர் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு நிறத்தில் போய் நின்றார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. கண்டதும் கேட்டதும் கலந்துவிட்டன. 'சிவப்புச் சட்டை போட்டிருந்தான், என் கண்ணால் பார்த்தேன்' என்று சொல்பவர் நேர்மையானவராகவே இருக்கலாம். சட்டை வேறு நிறமாக இருந்திருக்கலாம்.

எத்தனை நிறம் தாங்கும்?

சிவப்பு கவனத்தைக் கூட்டும், நீலம் கற்பனையை வளர்க்கும், படிப்பறைக்கு இன்ன நிறம் அடித்தால் ஞாபகசக்தி பெருகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிச் சுவருக்குப் பெயின்ட் வாங்கிவிடாதீர்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வு ஒன்று 2009இல் புகழ்பெற்ற இதழில் வந்தது உண்மைதான். ஆனால் அதில் ஒரு பகுதியை 2014இல் வேறோர் ஆய்வாளர் அதேபோல் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. தனியாக ஒரு நிறத்துக்கு நினைவை ஊட்டும் சக்தி இருக்கிறது என்று சொல்ல இன்றைக்கு உறுதியான அடிப்படை இல்லை. நிறம் எதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது, சுற்றியுள்ளவற்றிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்ற இரண்டையும் பொறுத்தே பலன்.

எத்தனை நிறம் என்பதற்கு மட்டும் ஓரளவு தெளிவான வரம்பு உண்டு. ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் இருவரும் 1997இல் வண்ணச் சதுரங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி மறைத்தார்கள். மீண்டும் காட்டும்போது ஏதாவது ஒன்றின் நிறம் மாறியிருக்கிறதா என்று கேட்டார்கள். மூன்று நான்கு சதுரங்கள் வரை பிழையில்லை என்றே சொல்லலாம். அதற்குமேல் போகப் போகச் சறுக்கல். இது நொடிப்பொழுது நினைவைப் பற்றியது. வருடக்கணக்கில் பழகினால் அதிக நிறங்களையும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நாளைக்கே பயன்பட வேண்டிய அடையாளமாக, அலுவலகக் கோப்புகளுக்கோ பாடக் குறிப்புகளுக்கோ நிறம் வைப்பதாக இருந்தால் நான் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு, பச்சை தொடர்பான நிறப்பார்வைக் குறை ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. பெண்களில் இது மிகக் குறைவு. நம் நாட்டிலும் இப்படிப்பட்டவர்கள் கணிசமாக உண்டு, பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. அவர்களிடம் 'பச்சை டப்பாவை எடு' என்பது வழி காட்டுவதாகாது. வயதானவர்களின் கண்ணில் லென்ஸ் மெல்ல மஞ்சளிப்பதால் நீலச் சாயல்களும் வெளிர் மஞ்சளும் மங்கும். அதனால் நிறத்தோடு வடிவம், இடம், எழுத்து என்று இன்னொரு துப்பையும் சேர்த்துக் கட்ட வேண்டும். போக்குவரத்து விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்ற வரிசை மாறாமல் இருப்பது இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும் துணை.

அம்மாவுக்கும் இதையே செய்தேன். சமையலறை ஜன்னலோரம் மூன்று சிறிய டப்பாக்கள். முதல் டப்பா மூடியில் உதயசூரியன்போல அரைவட்டம் வரைந்தேன். அவர் அதைப் பார்த்து "இது கட்சிச் சின்னம் மாதிரி இருக்கிறது, வேண்டாம்" என்றதால் காலிச் சாப்பாட்டுத் தட்டாக மாற்றினேன். இரண்டாவதில் சோறு நிறைந்த தட்டு. மூன்றாவதில் பிறை. மாத்திரை எந்த நிறத்தில் வந்தாலும் அது எந்த டப்பாவுக்குப் போக வேண்டும் என்று பார்த்துப் போடுவது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என் வேலை.

ஆனாலும் அவர் நிறத்தை விடவில்லை. போன வாரம் மருந்துக்கடைக்கு அவரோடு போயிருந்தேன். கடைப் பையன் அட்டைகளைப் பையில் போடப் போனான். அம்மா கையை நீட்டி வாங்கி, ஒவ்வோர் அட்டையையும் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, ராத்திரி மாத்திரை போன மாதம் மஞ்சளாக இருந்தது. இது ஏன் வெள்ளையாக இருக்கிறது? அதே மருந்துதானா? அட்டையின் பின்னால் பெரிதாக எழுதிக் கொடு." பையன் பேனாவைத் தேடி எடுத்து, பிறை ஒன்றை வரைந்து, பக்கத்தில் 'இரவு' என்று எழுதிக் கொடுத்தான்.